பாதி ஒயர் தகரத்தில் இருக்கிறது
(இந்த இதழில்: பழைய காரின் துருவும் விளக்கும்)

கே: தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. துருவை முதலில் கவனிப்பதா, விளக்கையா? (தாம்பரம்)

ப: இரண்டும் ஒரே நோய்தான். பாட்டரியிலிருந்து விளக்குக்கு ஒயர் வழியாகப் போகும் கரண்ட், திரும்பி வருவது காரின் இரும்பு வழியாக; இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். ஆக, உங்கள் காரின் ஒயரிங்கில் பாதி தகரத்தில் இருக்கிறது. அங்கே துரு ஏறினால் விளக்கு மங்கத்தான் செய்யும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: துரு, வெல்டிங், பெயிண்ட், கடைசியில் ஒயரிங். புது ஒயர் இழுத்த பிறகு வெல்டிங் வைத்தால் ஒயர் பொசுங்கும். பெயிண்ட் அடிக்கும் முன்பு எர்த் போல்ட் உட்காரும் இடங்களில் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள். பெயிண்டின் மேல் முறுக்கிய எர்த், எர்த்தே இல்லை.

தாம்பரம் என்கிறீர்கள். ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்தது பக்கத்துப் பெருங்களத்தூரில்தான். பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அந்தக் கார் துருப்பிடிக்க விடாதீர்கள்.

கே: "பட்டி போட்டு மறைச்சிடலாம் சார், யாருக்கும் தெரியாது" என்கிறார் டிங்கர். (விருதுநகர்)

ப: காருக்குத் தெரியும். இரும்பு துருவானால் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் போகும். உள்ளே இடம் போதாமல் பட்டியைத் தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு வெடிப்பு, அதன் வழியாக மழைத்தண்ணீர். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பழைய ஓட்டை பெரிய ஓட்டையாகத் திரும்பி வரும்.

பட்டி கெட்ட பொருள் இல்லை. நல்ல தகரத்தின் மேல், நெளிவை நிரப்ப, மெல்லியதாகப் பூசத்தான் அது. ஓட்டைக்கு மருந்து, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் செய்வதே. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது.

கே: அம்பாசடரில் துரு எங்கே ஒளிந்திருக்கும்? (காரைக்குடி)

ப: தண்ணீர் போய், திரும்பி வர வழி தெரியாத இடங்களில். கதவின் அடி ஓரத்தில் சின்ன வடிகால் துளைகள் உண்டு. மண் அடைத்ததும் கதவு தொட்டியாகிவிடும். கண்ணாடி ரப்பர் பீடிங்கின் அடி, டிக்கியின் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, ரப்பர் மேட்டுக்கு அடியில் விரித்த சணல் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். குறிப்பாக அந்தச் சணல். ஒரு முறை நனைந்தால் வாரக்கணக்கில் தரைக்கு ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு முக்கிய வித்தியாசம்: ஹெரால்டில் தனிச் சேஸிஸ் உண்டு, பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. தரையும் பக்கப் பெட்டியும்தான் காரைத் தாங்குகின்றன. அவற்றை வெட்டும்போது கீழே முட்டுக் கொடுக்காவிட்டால் பாடி தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

கே: சுரண்டாமல் துருவை எடுக்க வழி உண்டா? (கோயம்புத்தூர்)

ப: உதிரும் துருவைச் சுரண்டாமல் முடியாது. ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் பயன்படும். அதிலுள்ள டேனிக் அமிலம் துருவைக் கறுப்பான, ஆடாத படலமாக மாற்றும். அதன்மேல் பிரைமரும் பெயிண்டும் கட்டாயம். அரித்துப்போன இரும்பை அது திருப்பித் தராது.

ஹெட்லைட் கிண்ணம், பிராக்கெட் போன்ற கழற்றக்கூடிய சாமான்களுக்கு மின்பகுப்பு அருமையான வழி. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். சாமானுக்குச் சார்ஜரின் நெகட்டிவ், பக்கத்தில் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். நல்ல இரும்பு கரையாமல் துரு மட்டும் விட்டுப்போகும். பாசிட்டிவில் எவர்சில்வர் போடவே கூடாது, குரோமிய விஷம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். அலுமினியச் சாமானையும் ஸ்பிரிங்கையும் இதில் போடாதீர்கள். முன்னது அரிக்கும், பின்னது நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

கே: பழைய பெயிண்டை மெஷின் வைத்துத் தேய்க்கலாமா? (சேலம்)

ப: அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. முகமூடி கட்டாயம். வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தூசிப் பக்கமே வரக்கூடாது.

கே: பெட்ரோல் டேங்கில் ஊசித் துளை. காலி செய்துவிட்டு வெல்டிங் வைக்கலாமா? (ஈரோடு)

ப: கூடாது. பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, வெடிப்பது ஆவிதான். முறையாகக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்த ரேடியேட்டர்-டேங்க் வேலைக்காரரிடம் கொடுங்கள்.

கே: ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிகிறது. 100 வாட் பல்பு போட்டுவிடட்டுமா? (தஞ்சாவூர்)

ப: கொஞ்சம் பொறுங்கள். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்.

விளக்கை எரியவிட்டு, பாட்டரியில் எத்தனை வோல்ட், பல்பின் முனையில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். 45 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் ஓடுகிறது. துருவேறிய எர்த், தேய்ந்த சுவிட்ச், பச்சை பூத்த டெர்மினல் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை தந்தாலே 1.5 வோல்ட் வழியில் போய்விடும். மீதி 10.5. "எட்டில் ஒரு பங்குதானே குறைகிறது" என்று நினைக்காதீர்கள். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும். இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

இந்த நிலையில் 100 வாட் பல்பு போட்டால் கரண்ட் இரட்டிப்பாகும், வழியில் நடக்கும் இழப்பும் கூடும். அந்த இழப்பு எங்கே போகிறது? சூடாகி, சுவிட்சையும் ஒயரையும் உருக்கும். அக்கால பிரிட்டிஷ் வழி கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. டைனமோ கொடுப்பதும் முழு வேகத்தில் 20 ஆம்பியர் அளவுதான். சிக்னலில் நிற்கும்போது அதுவும் இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. ஒவ்வொரு ஹெட்லைட்டிலிருந்தும் தனி எர்த் ஒயரைச் சுத்தமான இரும்புக்கு இழுங்கள். பிறகு டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்து, பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கரண்ட் கொடுங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்பினால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். இதை முடித்துவிட்டுப் பழைய பல்பையே போட்டுப் பாருங்கள். புதுப் பல்பு கேட்க மாட்டீர்கள்.

கே: பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. பேய் பிடித்திருக்குமோ? (நாகர்கோவில்)

ப: எர்த் விட்டுப்போயிருக்கிறது. பிரேக் லைட்டின் கரண்ட் திரும்ப நேர்வழி கிடைக்காமல் பக்கத்துப் பல்புக்குள் புகுந்து போகிறது. விளக்கை எரியவிட்டு, பல்பு ஹோல்டரின் உலோகத்துக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த எர்த்தைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். உங்களுக்குக் கடற்காற்று. போல்ட் மேல் கொஞ்சம் வாசலினும் தடவுங்கள்.

கே: ஒயர் கலருக்கு அர்த்தம் உண்டா? எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் சிவப்பிலேயே போட்டிருக்கிறார். (மதுரை)

ப: உண்டு, அது அழகான மொழி. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாமான் நிறுவனத்தின் முறையில் பழுப்பு, பாட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு இருப்பது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அதையே ஃபியூஸ் தாண்டி எடுத்தது. நீலம் ஹெட்லைட்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். தனிச் சிவப்பு பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கு. கறுப்பு எர்த். உங்கள் எலக்ட்ரீஷியன் காரை ஓடவைத்துவிட்டார். ஆனால் நடுரோட்டில் நின்றால் அடுத்தவர் படிக்க எழுத்தே இல்லை. புதிதாக ஒயரிங் போடும்போது பழைய கட்டை எறியாமல், அதைத் தரையில் விரித்து வைத்து நீளம், கலர் இரண்டையும் அப்படியே பின்பற்றச் சொல்லுங்கள்.

கே: என் காரில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகிறது. யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? (புதுச்சேரி)

ப: இல்லை, 60களின் நடுப்பகுதிவரை பிரிட்டிஷ் கார்களில் அதுதான் வழக்கம். இழை பல்புக்குக் கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான். அப்படியே விடுங்கள் என்பேன். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால் காயில் ஒயர்கள், அம்மீட்டர் ஒயர்கள் இடம் மாற வேண்டும். டைனமோவின் ஃபீல்டு முனையையும் பாட்டரியால் ஒரு நொடி தொட்டுத் துருவத்தை மாற்ற வேண்டும். உதவிக்கு வருபவர் ஜம்பர் ஒயர் மாட்டும் முன், உங்கள் காரில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கே: எல்.இ.டி. போடலாமா? (திருச்சி)

ப: டெயில் லைட்டில் சரி, சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி. தேர்ந்தெடுங்கள். ஹெட்லைட்டில் வேண்டாம். அந்த வட்டக் கிண்ணம் இழை இருக்கும் புள்ளிக்காக வளைக்கப்பட்டது. புள்ளி மாறினால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் சிதறும். இண்டிகேட்டரில் போட்டால் பழைய ஃபிளாஷருக்குக் கரண்ட் போதாமல் சிமிட்டாது. பாசிட்டிவ் எர்த் காரில் சாதாரண எல்.இ.டி. எரியவே எரியாது.

கே: சேஸிஸ் ரொம்ப அரித்துவிட்டது. வேறு சேஸிஸில் பாடியை ஏற்றிவிடலாமா? (வேலூர்)

ப: முதலில் சட்டத்தைப் பாருங்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்தும் வரும். ஆனால் சேஸிஸ், பாடிக் கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. எனவே உள்ள சேஸிஸையே பகுதி பகுதியாக வெட்டி ஒட்டிச் சரிசெய்ய முடியுமா என்று நல்ல ஃபேப்ரிகேட்டரிடம் கேளுங்கள். ஹெரால்டு என்றால் பக்கவாட்டுக் கைகள்தான் பெரும்பாலும் அரிக்கும், நடுவிலுள்ள முதுகெலும்பு தப்பித்திருக்கும். நம்பர் அடித்த பகுதியைத் தொடாதீர்கள்.

கே: எல்லாம் முடித்துவிட்டேன். மழைக்காலத்துக்கு எப்படி மூடி வைப்பது? (கும்பகோணம்)

ப: பிளாஸ்டிக் தார்பாய் வேண்டாம், வேர்வை உள்ளேயே நிற்கும். கூரையடியில், காற்று போகும் துணிக் கவர் போடுங்கள். மேட்டைச் சுருட்டி எடுங்கள், கதவின் வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், பாட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். வெயில் காயும் நாளில் வெளியே எடுத்து, இன்ஜின் முழுச் சூடாகும்வரை ஓட்டுங்கள். ஹெட்லைட்டையும் போட்டுப் பாருங்கள்.