நாலு பேர் ராஜ்யம்

ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஜெர்மன் மொழி பழகுவதற்காக 1990இல் கிழக்கு ஜெர்மனியில் போய்த் தங்கினார். அங்கே நொய்பிராண்டன்பர்க் என்று ஓர் ஊர். ராத்திரி நேரம், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சிக்னல். ஊரைச் சுற்றி வெட்டவெளி. வெகுதூரத்துக்கு ஒரு வண்டியின் விளக்குகூடத் தெரியாது. ஆனாலும் பச்சை விழும்வரை ஐம்பது அறுபது பேர் நாலைந்து நிமிஷம் சமர்த்தாக நிற்கிறார்கள். ஸ்காட் விடுவிடுவென்று கடந்தால் பின்னாலிருந்து உச்சுக் கொட்டுகிறார்கள். மனிதர் யோசித்தார். என்றைக்காவது ஒரு பெரிய அநியாயச் சட்டத்தை மீறவேண்டி வரும். அன்றைக்கு உடம்பு வளைந்து கொடுக்க வேண்டுமென்றால், தினம் ஒரு சின்ன, அர்த்தமில்லாத சட்டத்தை மீறிப் பழகிக்கொள்ள வேண்டும். இதற்கு ‘அனார்கிஸ்ட் உடற்பயிற்சி’, அதாவது அரசே வேண்டாம் என்பவரின் உடற்பயிற்சி, என்று பெயரும் வைத்து, 2012இல் ‘டூ சியர்ஸ் ஃபார் அனார்கிசம்’ என்ற புத்தகத்தில் எழுதினார்.

படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அரசாங்கத்தைக் கவிழ்க்க வேண்டாம், குண்டு வேண்டாம், கறுப்புக் கொடி வேண்டாம். வீட்டிலிருந்தபடியே தேகப்பயிற்சி மாதிரி சுதந்திரமாகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? நேரே வேளச்சேரியில் ஒரு சிக்னலுக்குப் போனேன். சிவப்பு விழுந்தது. பழைய பழக்கத்தில் நான் நின்றுவிட்டேன். நான் மட்டும்தான் நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தியபடி, “ஏன் சார், பெட்ரோல் தீந்துடுச்சா?” என்றார். முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் இடதுபுறமாகச் சந்தில் புகுந்தார். ஒன்வேயில் எதிரே வந்த ஒருவர் என்னிடம், “பாத்து நில்லுங்க, இடிச்சிடப் போறாங்க” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்காட்டின் கணக்குப்படி உலகத்திலேயே தேகப்பயிற்சி முற்றிய ஜனங்கள் நாம்தான். எந்த அநியாயச் சட்டம் வந்தாலும் அநாயாசமாகத் தாண்டிவிடுவோம். ஆனால் முழங்கையில் ஹெல்மெட் மாட்டிய அதே ஆசாமி, தன் பிள்ளை எந்த குரூப் எடுப்பது, வீட்டுக்கு எந்த பெயின்ட் அடிப்பது, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் போடுவது என்று எதையும் தன்னிஷ்டத்துக்குச் செய்ய முடியாதவர். அவரைக் கட்டி ஆள்வது கோட்டையில் இருக்கும் அரசாங்கம் அல்ல. நாலு பேர்.

இந்த நாலு பேர் யார் என்று நானும் பல காலமாகத் தேடுகிறேன். தேர்தல் கிடையாது, பதவிக்காலம் கிடையாது, அலுவலகம் கிடையாது. “நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்ற ஒரே வரிதான் அரசியல் சாசனம். அதற்கு இதுவரை திருத்தம் வந்ததில்லை. விடியற்காலையில் குப்பைக்கூடையைக் கீழே வைக்க நான் லுங்கியோடு இறங்கினால், தூக்கம் கலையாத குரலில் மனைவி உள்ளேயிருந்து சொல்வாள்: “ஏங்க, பேன்ட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க, நாலு பேர் பாப்பாங்க.” கீழே ஒரு நாயும் பால் பாக்கெட் போடும் பையனும்தான் இருப்பார்கள். அந்தப் பையனும் லுங்கிதான் கட்டியிருப்பான்.

இந்த நாலு பேர் கையில் கடைசியாக ஓர் அஸ்திரம் உண்டு. “நாளைக்கு ஒண்ணுன்னா தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணாமா?” என்பார்கள். ஓய்வூதியம் நின்றுவிடும் என்று மிரட்டுகிற மாதிரி. இப்போது நகரத்தில் ஃப்ரீசர் பாக்ஸ்காரரே அமரர் ஊர்திக்கும் சொல்லிவிடுகிறார். வண்டியிலிருந்து ஸ்ட்ரெச்சரை அவருடைய ஆட்களே இறக்குகிறார்கள். சட்டப்படி பார்த்தால் நாலு பேரின் ஆட்சி இத்தோடு காலாவதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சரி, காட்டுக்கு ஓடிவிடலாம் என்றால் அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் ஹென்றி டேவிட் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் தனியாகக் குடிசை போட்டார். நிலம் நண்பர் எமர்சனுடையது. மறு வருஷம் ஜூலையில், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்திருந்த ஷூவை வாங்கிவர ஊருக்குள் வந்தவரை, தலைவரி கட்டவில்லை என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசாங்கத்துக்கு வரி கட்டமாட்டேன் என்பது அவர் கட்சி. ஒரு ராத்திரிதான். அதற்குள் யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள். அத்தைதான் கட்டியிருப்பார் என்பது பொதுவான ஊகம். மானம் போகக்கூடாதே! வெளியே வந்த தோரோ தைத்த ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டு காட்டுப் பழம் பறிக்கக் கிளம்பிவிட்டார். அத்தைகளைத் தாண்டி ஒருவன் புரட்சி செய்வது எந்த தேசத்திலும் லேசில்லை.

எம்மா கோல்ட்மன் கதை இதைவிட மோசம். அமெரிக்காவே நடுங்கிய அனார்கிஸ்ட் அவர். இளவயதில் தோழர்கள் கூடும் இடத்தில் கால் ஓயாமல் நடனம் ஆடுவாராம். ஒரு நாள் ஒரு சின்னப் பையன் இழவுச் செய்தி சொல்ல வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவரைத் தனியாக அழைத்துப் போய், போராட்டக்காரர் இப்படி ஆடினால் இயக்கத்துக்குத்தான் கெட்ட பெயர் என்று காதோடு சொன்னான். எம்மாவுக்கு வந்ததே கோபம்! தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, அந்தப் பையன் யார் என்பதை: தோழர் பெர்க்மனின் சித்தப்பா பிள்ளையோ பெரியப்பா பிள்ளையோ, சொந்தக்காரன். எந்த அரசும் வேண்டாம் என்று கூடிய கூட்டத்திலும் ஒரு சொந்தக்காரப் பையன் வந்து சேர்ந்துவிட்டான் பாருங்கள்.

நம்மூர் ஆளும் ஒருவர் உண்டு. 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகையில் வேலை பார்த்து, லண்டன், பெர்லின் என்று சுற்றி, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய ஏழு பேரில் ஒருவராகத் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்தார். அந்த ஏழில் இன்னொருவரான எம்.என். ராயோடு ஒத்துப்போகவில்லை, சில மாதங்களில் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏழில் நாலு மெஜாரிட்டி, கேட்க வேண்டுமா? அதற்குப் பிறகு அவர் முழு அனார்கிஸ்ட். 1954இல் பம்பாயில் இறக்கும்வரை, கையில் காசில்லாமல், பல தேசத்து அனார்கிஸ்ட் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். திருவல்லிக்கேணிப் பக்கம் கேட்டால் இவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஒரு கவலை உண்டு. அவர் நாலு பேருக்குப் பயப்படவில்லை. நாலு பேரும் அவரை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அரசே வேண்டாம் என்பதில் ஒரு சிக்கல் இருப்பதை ஜார்ஜ் ஆர்வெல் 1946லேயே பிடித்துவிட்டார். கலிவரின் பயணங்களைப் பற்றி எழுதும்போது சொல்கிறார்: சட்டமே இல்லாத ஊரில் ஊர் வாய்தான் சட்டம், சட்டமாவது ‘இதைச் செய்யாதே’ என்று சொல்லிவிட்டு மற்றதில் உங்களை விட்டுவிடும், ஊர் வாய் எதிலும் விடாது. போலீஸ்காரருக்கு என் லுங்கியில் அக்கறை கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாலு பேரை ஒரேயடியாக ஒழித்துவிடவும் மனம் வரவில்லை. காரணம், மொய். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. பணம் தேவைப்படுகிறவர் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, ஊரை அழைத்து மொய் வாங்குவார். ஒருவருக்கே லட்சக்கணக்கில் சேரும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. வாங்கியவர் அவரவர் முறை வரும்போது கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வார். பிரான்ஸில் புரூதோன் என்ற ஆதி அனார்கிஸ்ட் இப்படி வட்டியில்லாத கடனுக்கு 1849இல் பாரிஸில் மக்கள் வங்கி தொடங்கினார். ஜனாதிபதியைத் திட்டி எழுதியதற்காகச் சிறைத்தண்டனை கிடைத்ததும் வங்கியை, வியாபாரம் ஆரம்பிக்கும் முன்பே, மூடிவிட்டார். சிறையில் இருந்தபடியே அந்த வருஷக் கடைசியில் கல்யாணமும் செய்துகொண்டார். பேராவூரணிக்காரர் யாராவது கூட இருந்திருந்தால் அந்தக் கல்யாணத்திலேயே மொய் நோட்டைப் பிரித்து வங்கியை நிமிர்த்தியிருப்பார்கள்.

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேஜையை நான் நின்று பார்ப்பதுண்டு. நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். எழுதுகிறவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். “ஊர்?” என்பார், “பேர்?” என்பார், கவரை வாங்கி எண்ணி “ஐநூத்தி ஒண்ணு” என்று பக்கத்து ஆளுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். அந்தக் குரலுக்குப் பயந்துதான் ஐந்நூற்றொன்று வைக்க வந்தவர் ஓரமாக ஒதுங்கி, பர்ஸைத் திறந்து, ஆயிரத்தொன்றாக்கிக்கொண்டு திரும்பி வருகிறார். வருமான வரி நோட்டீஸுக்கு இந்த மனிதர் ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு போய் வாதாடுவார். மொய் நோட்டோடு யார் வாதாடுவது? கடன் கொடுத்ததும் நாலு பேர், வசூல் செய்வதும் அதே நாலு பேர்.

எனக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்றால், அந்த நால்வருக்கும் தலைக்கு நாலு பேர் இருந்தாக வேண்டுமே? அப்படியானால் நானும் யாரோ சிலருக்கு அந்த நாலு பேரில் ஒருவன். மேல் மாடியில் குடியிருக்கும் பெண்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துவிட்டு, “ம்ம்… இந்த நேரத்துக்கு” என்று சொல்கிற ஆள் யாராம்? நான்தானே! எந்த ஊதியமும் இல்லாமல் இவ்வளவு காலம் இந்த உத்தியோகம் பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கைத் தாண்டுவதெல்லாம் என் மாதிரி ஆளுக்கு உடற்பயிற்சியே அல்ல. இந்தப் பதவியை ராஜினாமா செய்வதுதான் தண்டால்.

முதலில் கதவுத் துளையில் ஸ்டிக்கர் ஒட்டினேன். அடுத்து வீட்டில் கட்டளையிடுவதை நிறுத்தினேன். ஈரத்தலையோடு நிற்காதே, ஆளில்லாத ரூமில் ஃபேன் எதுக்கு, போனைக் கீழே வை - எல்லாம் ரத்து. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மகள், “அப்பா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?” என்று மெதுவாகக் கேட்டாள். அனார்கிசம் வந்தால் குடும்பம் என்ன ஆகுமோ என்று நான் பயந்தது வீண். ஃபேன் முன்பு எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு நேரம்தான் ஓடியது. நான் ஆட்சியில் இருந்தபோதும் யாரும் என் பேச்சைக் கேட்டிருக்கவில்லை என்பது, ஆட்சியைக் கலைத்த பிறகுதான் தெரிய வந்தது.

வெளியுறவில்தான் ராஜினாமா செல்லவில்லை. அக்கா போன் செய்தாள். அவள் மகன் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். மண்டபம் இல்லை, பந்தி இல்லை, மொய்யும் இல்லை.

“நீ ஒரு வார்த்தை சொல்லுடா. உன் பேச்சைத்தான் கேப்பான்.”

“நான் யாருக்கும் எதுவும் சொல்றதில்லைன்னு இருக்கேன்க்கா.”

“அப்ப நீயும் அவன் கட்சியா?”

“நான் எந்தக் கட்சியும் இல்லை.”

“பொண்ணு யாரா வேணா இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. மண்டபம் வேணாமா, வேணாம். ஆனா இத்தனை வருஷமா ஊரெல்லாம் தேடித் தேடிப் போய் மொய் வச்சேனே, அதை யாருடா திருப்பி வாங்குறது?”

இதற்கு அனார்கிஸ்டுகளின் குருவான கிரபோத்கினிடமும் பதில் கிடையாது.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954ஐ நான் அப்போதுதான் படித்தேன். அரசாங்கம் நாலு பேரை எப்படி மதிக்கிறது என்று அதில் தெரிகிறது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்ததும், அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுகிறார்கள். 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். வயது, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பது போன்ற காரணங்கள்தான் செல்லும். “நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட, திருமண அலுவலர் மேலொப்பம் போடுகிறார். மூன்றும் ஒன்றும் எத்தனை என்று கூட்டிப் பார்த்துவிட்டு நான் புத்தகத்தை மூடினேன்.

அன்றைக்கு ராத்திரி மருமகன் பேசினான். “மாமா, மூணாவது சாட்சி நீங்க. ஒரிஜினல் ஆதார் எடுத்துட்டு வந்துடுங்க.”

அலுவலகத்தில் எல்லாம் அரை மணியில் முடிந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெண் பச்சை நிறக் காட்டன் புடவை. பையன் வழக்கமாக ஆபீஸுக்குப் போடும் சட்டை. கையெழுத்துப் போடும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி ஒரு கல்யாணத்தை மொய் மேஜையின் குரல் இல்லாமல் நடத்திக் காட்டிவிட்டார்களே என்று நினைத்தபடி வாசலுக்கு வந்தேன்.

வாசல் வேப்பமரத்தடியில், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் நீள நோட்டு, நாலு மூலையிலும் மஞ்சள். எதிரே கவரோடு ஏழெட்டுப் பேர் வரிசையில். இன்னும் ஆட்டோக்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வாடா” என்றாள் நிமிராமல். “உன் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். ஆயிரத்தொண்ணா, ரெண்டாயிரத்தொண்ணா?”