காகிதத் தக்காளியின் சமநிலை விலை

பொருளியலைச் செயல்பாட்டின் வழியே கற்பித்தல் என்பது, மாணவர்களுள் ஒரு பாதியை விற்போராகவும் மறுபாதியை வாங்குவோராகவும் நிறுத்திப் பேரம் பேசவிட்டு, தேவையும் அளிப்பும் ஒன்றோடொன்று பொருந்தும் சமநிலை விலையை அவர்களே கண்டடையச் செய்யும் முறையாகும். ஹார்வர்டு மாணவர்களைக் கொண்டு இதை நடத்திப் பார்த்து 1948இல் முடிவுகளை வெளியிட்ட எட்வர்டு சேம்பர்லின், வகுப்பறைச் சந்தை அந்த விலையில் வந்து நிற்கவில்லை என்றே எழுதினார். விடை முன்கூட்டியே கரும்பலகையில் ஏறிவிடும் நம் வகுப்பறைகளில் அத்தகைய அசம்பாவிதம் நேர வழியில்லை. பேரம் சூடுபிடிக்கும் கட்டத்தில் "சத்தம் போடாதே" என்னும் குரல் எழுவதால், சந்தையில் அரசின் தலையீடு என்னும் அடுத்த பாடமும் செலவின்றி முடிந்துவிடுகிறது.

சேலம் அஸ்தம்பட்டிப் பிள்ளைகள் வகுப்பறைச் சந்தையில் காகிதத் தக்காளிக்கு விலை தேடும் நேரத்தில், அங்குள்ள உழவர் சந்தையில் அசல் தக்காளி விற்றுத் தீர்ந்திருக்கும். இடைத்தரகரின்றி உழவரே நேரடியாக விற்பதற்கென 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாட விலையை நிர்வாகமே பலகையில் எழுதிவிடுகிறது. ஆகவே தேவைக் கோட்டைத் தேடிச் செல்லும் மாணவருக்கு அங்கும் ஒரு கரும்பலகையே காட்சி தருகிறது. காய் வாங்கியவர் பையில் காசு பெறாமலே செருகப்படும் கறிவேப்பிலைக் கொத்தாகிய கொசுறு எந்தக் கோட்டில் அடங்கும் என்பதை வினாத்தாள் தயாரிப்போர் நெடுங்காலமாகப் பரிசீலித்து வருகின்றனர் போலும்.