நூறு சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள்: குடும்பத்தோடு கப்பலேறுதல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சொகுசுக் கப்பலில் போவது என்று எங்கள் வீட்டில் முடிவெடுக்கப் பத்து நிமிடம் ஆனது. எந்த நிறுவனத்தின் கப்பலில் போவது என்று முடிவெடுக்க ஏழு மாதம் ஆனது. முதல் முடிவு தோசை வார்க்கும்போதே எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதற்கு மூன்று பயண முகவர்கள், ஒரு மடிக்கணினி, இரண்டு மௌன விரதங்கள் தேவைப்பட்டன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கு உட்பட்டோர் ஐவர்: ஆய்வாளராகிய நான், ஆய்வு நெறியாளராகிய என் மனைவி, ஒன்பது வயது மகள், இரண்டே முக்கால் வயது மகன், கடலை மெரினாவில் மட்டும், அதுவும் கணுக்கால் வரை மட்டும் அறிந்த என் அம்மா. "பிள்ளைங்களுக்காகத்தானே போறோம்" என்ற வாக்கியத்தை இந்த ஐவரில் மூவர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த மூவரும் பிள்ளைகள் அல்லர் என்பது தொடக்கத்திலேயே பதிவுசெய்யப்படுகிறது.

முன்னாய்வுகள்

கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. மனைவிக்கே இடமில்லாத நூற்பாவில், டயப்பர் மாற்ற வேண்டிய பிள்ளையையும் முழங்கால் வலிக்கிற தாயாரையும் தேடுவது முறையன்று. ஆகவே இங்கே ஓர் ஆய்வு இடைவெளி இருப்பது ஐயமற நிறுவப்படுகிறது.

மேலை மரபு பிந்தியது. குளிர்காலத்தில் சும்மா நின்ற கப்பலை என்ன செய்வது என்று யோசித்த ஹாம்பர்க்காரர் ஆல்பர்ட் பாலின், 1891-இல் அதில் ஆள் ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிக்காட்டினார். சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட அவருடைய கப்பல் 1900-இல் நீரில் இறங்கியது; 1906-இல் ஜமைக்காவில் தரைதட்டி முடிந்தது. 1972-இல் தொடங்கிய கார்னிவல் நிறுவனத்தின் முதல் கப்பல், முதல் பயணத்திலேயே மயாமிக்குப் பக்கத்தில் மணல் திட்டில் ஏறி நின்றது. இன்று உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் குழுமம் அதுதான். சகுனம் பார்ப்போர் இதை ஆராய வேண்டும். என் அம்மாவுக்கு இந்த இயல் படித்துக்காட்டப்படவில்லை.

ஆய்வு எல்லை

மயாமி, போர்ட் கனாவெரல் ஆகிய அமெரிக்கத் துறைகள் விசா, விமானக் கட்டணம் ஆகிய இரு கோட்பாட்டுக் காரணங்களால் விலக்கப்பட்டன. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கிளம்புகிற கப்பல்கள் மட்டுமே கொள்ளப்பட்டன.

அளவையியல்

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது டன் கணக்கு. டைட்டானிக் 46,328 டன். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். "அத்தனை டன் எடை எப்படிப்பா மிதக்கும்?" என்று மகள் கேட்டாள். இங்கே ஒரு தெளிவு தேவை. கப்பலின் மொத்த டன் என்பது எடுத்தல் அளவை அன்று, முகத்தல் அளவை. எத்தனை மதுப் பீப்பாய் அடுக்கலாம் என்று பார்த்த பழைய ஐரோப்பிய வழக்கத்தின் மிச்சம் அது. அதாவது கப்பலைத் தராசில் வைப்பதில்லை, மரக்காலால் அளக்கிறார்கள்.

கப்பலின் அளவு பெரிதானால் ஆளுக்குக் கிடைக்கும் இடமும் பெரிதாகும் என்ற நம்பிக்கை தவறு. டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஐகானில் ஆளுக்குச் சுமார் 44 வருகிறது. சிங்கப்பூரிலிருந்து போகும் கெண்டிங் ட்ரீம் சுமார் ஒன்றரை லட்சம் டன்தான். அதிலும் ஏறத்தாழ அதே கணக்குதான். பெரிய கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம். பந்தியில் இடம் பிடிக்க ஓடும் ஓட்டம் ஒன்றே.

ஆனால் இந்த வகுத்தலில் ஒரு சூட்சுமம் உண்டு. வகுக்கும் எண், அறைக்கு இருவர் என்று வைத்துப் போடப்பட்டது. மூன்றாவது, நான்காவது படுக்கையில் படுப்பவர் கணக்கில் வரமாட்டார். அதனால்தான் சொகுசுக் கப்பல் நிறுவனங்களால் தங்கள் ஆண்டறிக்கையில் "நிறைவு நூற்றைந்து சதவீதம்" என்பது போலக் கூச்சமில்லாமல் எழுத முடிகிறது. நூறு வரை பெரியவர்கள். நூறுக்கு மேல் பிள்ளைகள். குழந்தை என்பதற்கு இத்துறை தரும் வரையறை இதுவே: நூறு சதவீதத்துக்கு மேற்பட்டவர்.

உயிர்காப்புப் படகு மட்டும் இவர்களைத் தலை எண்ணிக் கணக்கில் சேர்க்கிறது. அறையில் மேல்படுக்கை காலியாக இருந்தும் "மூணாவது ஆளுக்கு இடமில்லை சார்" என்று முகவர் சொல்வது இதனால்தான். அந்தப் பகுதிக்கான படகு நிறைந்திருக்கும். டிஸ்னி நிறுவனம் இந்தப் படகுகளை, வழக்கமான ஆரஞ்சு நிறத்தை விட்டு, சிறப்பு அனுமதி வாங்கி, மிக்கி எலியின் காலணியைப் போல மஞ்சள் நிறத்தில் வைத்திருக்கிறது. மிதக்கும் தன்மையில் இதனால் மாற்றமில்லை.

மறுமுனையில், தனியாக ஓர் அறை எடுப்பவர் பெரும்பாலும் இருவருக்கான கட்டணம் கட்ட வேண்டும். "ஒத்தை ஆளுக்கு ரெண்டு பேர் காசா? நான் என்ன அவ்வளவு குண்டா இருக்கேன்?" என்றார் அம்மா. எனவே அம்மாவும் மகளும் ஓர் அறை. நாங்கள் இருவரும் நூறுக்கு மேற்பட்ட மகனும் ஓர் அறை என்று பிரிக்கப்பட்டது.

வம்சாவளி

சம்பந்தம் பேசும்போது வீட்டாரை விசாரிப்பதுபோல நிறுவனங்களை விசாரித்தோம். விசாரிக்க விசாரிக்க எல்லாரும் சொந்தக்காரர்களாகவே தெரிந்தார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் வீட்டில் வளர்ந்த பெண். நடுவில் ஸ்பெயின் நிறுவனம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு, பிறந்தகம் திரும்பி, பிறகு இந்தியா வந்தது. அதே 2022 ஜூனில் புதுச்சேரிக்கு அருகே வந்தும், சூதாட்டக் கூடம் குறித்த எதிர்ப்பால் அனுமதி கிடைக்காமல் கரை தொடாமலே போனது. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையை வலம் வந்தது.

சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சரின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. ஜெர்மனியில் குளோபல் ட்ரீம் என்ற பெயரில், கெண்டிங் குழுமத்துக்காகத்தான் கட்டத் தொடங்கினார்கள். அந்த வீடு நொடித்துப்போக, 2022-இல் கட்டி முடியாத நிலையில் டிஸ்னி வாங்கியது. ஆக, இன்று போட்டி நிறுவனங்களாக நிற்கும் கெண்டிங் ட்ரீமும் டிஸ்னி அட்வென்ச்சரும் ஒரே வீட்டுக்காகப் பிறந்தவை. ஒன்று வளர்ந்து வாசலுக்கு வந்தது, மற்றது தத்துப் போனது. நிறுவனங்களுக்கிடையே தேர்ந்தெடுப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கப்பல்களோ புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வீடு மாறிக்கொண்டிருக்கின்றன.

பருவ ஆய்வு

நம் பிள்ளைத்தமிழ் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தது. கப்பல் நிறுவனங்களும் பருவம் வகுத்திருக்கின்றன. இரண்டையும் ஒப்பிடுவது இவ்வாய்வின் தனிச்சிறப்பு. தலையை அசைத்தாடும் செங்கீரைப் பருவத்துப் பிள்ளைக்குக் கப்பலில் இடமில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன. இடையில் கரை தொடாத நெடும்பயணம் என்றால் பன்னிரண்டு மாதம். அதாவது, 'வருக' என்றழைக்கும் வாரானைப் பருவம் வந்த பிறகே வரலாம்.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தவறவிட்டதும் கப்பல்காரர்கள் கண்டுகொண்டதும் டயப்பர்ப் பருவம். இங்கேதான் நிறுவனங்கள் பிரிகின்றன. ராயல் கரீபியனின் குழந்தைகள் மன்றத்தில் சேர மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும், கழிப்பறைப் பழக்கமும் வந்திருக்க வேண்டும். கார்னிவல் இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது. டிஸ்னி, மூன்று வயதுக்குட்பட்டோரை மணிக்கணக்கில் தனிக்கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறது. நீச்சல் குளத்தில் டயப்பர் போட்ட பிள்ளை இறங்கவே கூடாது, நீச்சலுக்கென்று விற்கும் டயப்பராக இருந்தாலும் கூடாது என்பது பொதுவிதி. அவர்களுக்கென்று தனி நீர்விளையாட்டுத் தளம் இருக்கிறதா என்று கேட்டுவைப்பது நல்லது.

என் மகனின் பிறந்தநாள் ஜூன் இருபது. பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரம். வயதைக் கப்பல் கிளம்பும் நாளில் கணக்கிடுகிறார்கள். மே மாதம் போனால் மகன் மன்றத்தில் சேர முடியாது. ஜூனுக்குப் பிறகு போனால் மகள் பள்ளிக்குப் போக முடியாது. இரண்டு வாரம் நீடித்த இந்த விவாதத்தின்போதுதான், நாங்கள் கப்பலை ஒப்பிடவில்லை, மன்றத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது புலப்பட்டது. நீர்ச்சறுக்கு எத்தனை, திரையரங்கு எத்தனை என்றெல்லாம் நெறியாளர் அட்டவணை போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஒரே கேள்வி இருந்தது: "எத்தனை மணி வரைக்கும் வெச்சுப்பாங்க?"

இதிலிருந்து இவ்வாய்வின் கருதுகோள் உருவாகிறது: "பிள்ளைகளுக்காக" என்ற சொல் ஆகுபெயர். பிள்ளைகளைச் சொல்லி, பிள்ளைகள் இல்லாத மூன்று மணி நேரத்தைக் குறிப்பது.

பயணம் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளப்பட்டது.

நெய்தல் நோக்கு

கடல் சார்ந்த எதையும் நெய்தல் கொண்டு ஆராயாமல் விடுவது தமிழாய்வு ஆகாது. கருப்பொருளில் பறை: டிஸ்னி கப்பல்களின் சங்கு, 1940-இல் வந்த பினோக்கியோ படத்துப் பாட்டின் முதலடியை ஊதும். உணவு: எல்லா நிறுவனத்திலும் பெருகிக் கிடப்பது, ஆனால் வீட்டில் சமைத்ததைக் கொண்டுவரப் பொதுவாக அனுமதி இல்லை, முத்திரை பிரிக்காத பொட்டலங்களுக்கே அனுமதி. அம்மா தயாரித்து வைத்திருந்த புளிக்காய்ச்சல் இவ்விதியால் தள்ளுபடியானது. "அப்ப கடை ஊறுகாய் எடுத்துக்கலாம். முத்திரை இருக்குமே" என்று அவர் சொன்னது, விதிக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த உரை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். சங்கத் தலைவி கரையில் நின்று இரங்கினாள். இங்கே குடும்பத் தலைவன் கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் செருகியிருக்கும் கணக்குச் சீட்டைப் பார்த்து இரங்குகிறான். பணியாளர் அன்பளிப்பு என்ற பெயரில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேர்ந்திருக்கும்; அமெரிக்க நிறுவனங்களில் அது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். பல நிறுவனங்கள் குழந்தைத் தலையையும் இதில் தலையாகவே எண்ணுகின்றன. "குழந்தைகளுக்கு இலவசம்" என்ற விளம்பரம் வரும்போதும் துறைமுக வரியும் இந்த அன்பளிப்பும் பெரும்பாலும் தனி. இடத்தைக் கணக்கிடும்போது நூறுக்கு மேல். பணத்தைக் கணக்கிடும்போது நூறுக்குள்.

கள ஆய்வு

இறுதியில் எந்தக் கப்பலில் போனோம் என்பது ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தோம்; ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் அதுதான். அம்மாவுக்குத் தலைசுற்றல் வரவில்லை. எனக்கு வந்தது.

முதல் நாள் மாலை, ஏழு மாத ஆய்வின் உச்சமாக, மகனை மன்றத்தில் விட்டோம். இருபதாவது நிமிடம் அழைப்பு வந்தது. நெறியாளர் போய்ப் பார்த்தபோது, வண்ணப் பந்துகள் நிறைந்த தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். "அப்பத்தா எங்கே?" என்பது அவன் தந்த ஒரே தரவு.

அதன்பிறகு மூன்று நாளும் அவன் அப்பத்தாவோடு மின்தூக்கியில் இருந்தான். அவன் பொத்தான்களை அழுத்துவான். அம்மா ஏறுகிறவர்களிடம் தமிழில் எந்தத் தளம் என்று கேட்பார். அவர்களும் தங்கள் மொழியில் பதில் சொல்வார்கள். யாரும் தவறான தளத்தில் இறங்கியதாகத் தெரியவில்லை. நானும் நெறியாளரும் நாளுக்கு மூன்று மணி நேரம் சாய்வு நாற்காலியில் தூங்கினோம். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரே திருத்தம்: அந்த மூன்று மணி நேரத்தைத் தந்த மன்றம் எந்த நிறுவனத்தினுடையதும் அல்ல. கடை ஊறுகாயோடு வீட்டிலிருந்தே கூட வந்தது.

முடிவுரை

நிறுவனங்களை ஒப்பிடுவோர் மூன்றைக் கேட்டால் போதும்: கிளம்பும் நாளில் பிள்ளைக்கு என்ன வயது, டயப்பர் விட்டாயிற்றா, பாட்டி வருகிறாரா. மூன்றாவதற்கு விடை "ஆம்" என்றால் முதல் இரண்டையும் விட்டுவிடலாம்.

ஆய்வுக்குப் புறம்பான ஒரு தரவு எஞ்சியிருக்கிறது. மகளுக்குக் கீழே, அப்பத்தா பக்கத்தில், முழுக் கட்டணம் கட்டிய படுக்கை இருந்தது. அவள் முதல் இரவே அறைப் பணியாளரிடம் சைகை காட்டி, கூரையோடு மடித்துவைத்திருந்த மேல்படுக்கையை இறக்கச் சொல்லி, ஏணி போட்டு ஏறிக்கொண்டாள். திரும்பி வந்தபின் கப்பலில் எது பிடித்தது என்று கேட்டேன். நீர்ச்சறுக்கு என்பாள் என்று எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"மேல் பெர்த்."

"அது பாண்டியன் எக்ஸ்பிரஸ்லயே இருக்கேடி."

"அதுல ஒரு ராத்திரிதான்ப்பா. இதுல மூணு ராத்திரி."

அறைக்கு இருவர் என்ற கணக்கில் அந்தப் படுக்கையே இல்லாததால், இத்தரவு பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை.