அசுரர்க்கும் வரிசை உண்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் போன வாரம் என் பக்கத்தில் வந்தமர்ந்த ஒரு பெரியவர், ஜன்னல் கம்பியை விட மறுத்த தம் பேரனை, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அசுரன், அரக்கன், பூதம், பிசாசு என்று ஒரே மூச்சில் வைது தீர்த்ததைக் கேட்டது முதல் எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குழந்தையை வைததற்காக அல்ல; நீங்களும் நானும் வையாத குழந்தையா? நான்கு வம்சத்தாரை ஒரே பந்தியில் உட்காரவைத்துவிட்டாரே, அதற்காகத்தான்.

காசியபருக்குத் திதியிடம் பிறந்தவர்கள் தைத்தியர், தனுவிடம் பிறந்தவர்கள் தானவர், அதிதியிடம் பிறந்தவர்கள் தேவர். ஆக, அசுரரும் தேவரும் ஒரு தகப்பன் பிள்ளைகள். பங்காளிச் சண்டைதான் அவர்களுடையது. இராவணனோ பிரமபுத்திரராகிய புலஸ்தியரின் பேரன், குபேரனுக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி; அரக்கன்தான், அசுரனல்லன். பூதங்கள் சிவகணங்கள், அதாவது உத்தியோகஸ்தர்கள். பேயுருவையோ காரைக்காலம்மையார் விரும்பிக் கேட்டே வாங்கிக்கொண்டார். இவர்களுக்கு நடுவில் முயலகனுக்கு எந்த ஸ்தானம் என்று நிர்ணயிக்கத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் வாயிற்காவல் விஷயம் ஒன்று தீர வேண்டியிருக்கிறது.

நம் ஜில்லாவிலேயே ஸ்ரீமுஷ்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பூவராகப் பெருமாள் சங்கரித்த இரணியாட்சன், முன்பு வைகுண்டத்தில் வாயிற்காவலனாயிருந்து, சனகாதி முனிவரை வாசலில் மறித்த குற்றத்தால் சாபம் பெற்று அசுரனாய்ப் பிறந்தவன். அதே ஜில்லாவில், பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையில் நடந்ததோ நேர்மாறு. பொன், வெள்ளி, இரும்பு என மூன்று கோட்டைகளைப் பறக்கவிட்டு உலகை வருத்திய தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி என்ற மூவரில் இருவருக்குச் சிவபெருமான் வாயிற்காவலும், மிஞ்சியவனுக்குக் குடமுழாவும் அருளினார். காவலன் அசுரனானது தண்டனை, அசுரன் காவலனானது அனுக்கிரகம் என்றால், காவலனே அசுரனினும் மேலானவன் என்றுதான் சித்தாந்தம் ஏற்படுகிறது. சந்தேகமுள்ளவர், அதிகாரி உள்ளே இருக்கும்போதே இல்லையென்று சாதிக்கும் சேவகன் முன்னால், ஏதேனும் ஒரு கச்சேரி வாசலில் அரை நாள் நின்று பார்க்கட்டும். நான் நின்றிருக்கிறேன், சனகாதியருக்காவது சபிக்கும் சக்தி இருந்தது. அது கிடக்கட்டும். கோட்டையைப் பறக்கவிட்டுப் பழகியவனுக்குத் தடியூன்றி நிற்கத் தெரிந்ததா, வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார், முழவு கிடைத்தவன் தனக்கும் வாசல்தான் வேண்டுமென்று முறையிட்டானா, அண்ணன் தம்பி கிரமத்தில் நியமனம் நடந்ததா, பழைய காவலர் வந்து வைகுண்டத்து வழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்களா என்றெல்லாம் நான் கேட்கத் தொடங்கினால், வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறார்கள்.

முயலகன் விஷயத்துக்கு இனி இடமில்லை. தாருகாவனத்து முனிவர் தம் வேள்வியில் எழுப்பி ஏவிய அவனுக்குத் திதியும் இல்லை, தனுவும் இல்லை. எந்த வம்சாவளியிலும் அவனைச் சேர்க்க முடியவில்லை. தில்லைக்கூத்தனின் ஊன்றிய வலத் திருவடியின் கீழே கிடக்கிறான். மற்றக் கோயில்களில் உற்சவமூர்த்தி தேரேறுவார். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரேறுகிறார், முயலகனும் கூடவே நான்கு வீதியும் வலம் வருகிறான்.