கொர்பான் என்னும் கொடை

பெற்றோரைக் காப்பாற்றுவது செலவு பிடித்த காரியம் என்பதை எருசலேம் வேதபாரகர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். “உங்களுக்குத் தரவேண்டியதெல்லாம் கொர்பான், கடவுளுக்கு நேர்ந்தாகிவிட்டது” என்று மகன் சொன்னால் போதும். அப்பா, அம்மா வாய் திறக்க முடியாது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு இதைக் கண்டித்தார். பாவம், அவருக்கு நிர்வாக அனுபவம் இல்லை.

நம்மவர்கள் இதை இன்னும் மெருகேற்றிவிட்டார்கள். இண்டூரிலிருந்து பெங்களூரு போய்ச் சம்பாதிக்கும் ஒரு மகனை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் தசமபாகம், கோயில் அசன விருந்துக்கு இரண்டு மூட்டை அரிசி, கோயில் ஃபேனில் றெக்கைக்கு றெக்கை ‘உபயம்’. அம்மாவின் சர்க்கரை வியாதிக்கு மட்டும் ஜெபம். ஜெபத்தில் பக்க விளைவே கிடையாது. மாத்திரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

அரசாங்கத்துக்குத்தான் பக்தி போதாது. 2007-இல் முதியோர் பராமரிப்புச் சட்டம் போட்டார்கள். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர உத்தரவிடலாமாம். காணிக்கையைக் கழித்துக்கொள்ள ஒரு சலுகைகூடக் கிடையாது. என்ன மதச்சார்பின்மையோ!

ஒரே ஒரு சிக்கல். அம்மாவும் அதே கோயிலில்தான் பிரசங்கம் கேட்கிறார். தன் பேரில் இருக்கும் வீட்டையும் நாலு புளியமரத்தையும் அவர் ‘கொர்பான்’ என்று சொல்லிவிட்டால்? அன்றிரவே மகன் பஸ் ஏறுவார். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது பற்றி விடிய விடிய அவர் பேசப்போவதைப் போதகரே குறிப்பெடுத்துக்கொள்ளலாம்.