மருமகனே, நீ சும்மா இரு

மருமகனே, புள்ளை கீரை திங்க மாட்டேங்குதுன்னு நீ பொலம்புறதைக் கேட்டா எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருது. வெங்காயம் உரிச்ச தண்ணின்னு உங்க அத்தை சொல்லுவா, நம்பாதே. விடிஞ்சதும் போடிக்கு பஸ் பிடிச்சு ஓடுறே, ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதிட்டு இருட்டுனப்பறம் வந்து விழுறே. உன் வீட்டுக்காரிக்கு உத்தமபாளையத்துல ஆபீசு. ரெண்டு பேருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரமில்லாத நேரத்துலயும் எவனோ ஒருத்தன் கேரட்டைப் பூவா வெட்டிப் புள்ளைக்கு ஊட்டுறதைச் செல்லுல கடைசி வரைக்கும் பாத்து முடிச்சிருக்கீக பாரு, அந்த உழைப்பை நான் மெச்சுறேன்.

நேரமில்லாதவுகன்னா நம்ம தேவாரத்துல ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைகளைத்தான் சொல்லணும். இருட்டோட எந்திரிச்சு, உலை வச்சு, தூக்குவாளியோட ஜீப்புல நெருக்கி உக்காந்து, மலையேறி உடும்பஞ்சோலைப் பக்கம் காய் எடுக்கப் போறாக. பொழுது சாஞ்சுதான் வீடு திரும்புறாக. அவுக புள்ளைக்குக் காலையில ஊட்டிவிட யாரு இருக்கா? 2022 செப்டம்பர் 15ல மதுரை சிம்மக்கல்லுல ஒரு பள்ளிக்கூடத்துல தொடங்குனாகளே காலை உணவுத் திட்டம், அது மறு வருசம் ஆகஸ்டுல எல்லா ஊரு அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. ஒன்னாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் உப்புமா, கிச்சடி, பொங்கல்னு காயி போட்ட சாம்பாரோட போடுறாக. உன் மக வயசுப் புள்ளைகதான், தட்டை வழிச்சுத் திங்குதுக. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் திங்கிறான், அதனால இதுவும் திங்குது. உன் மக பக்கத்துல உக்காந்திருக்கறது டிவி. அது திங்காது.

சரி, நீ கேக்காட்டியும் ஒரு யோசனை சொல்றேன். நீ சும்மா இரு. வேலையெல்லாம் புள்ளைகிட்ட விட்டுரு. உனக்குப் பிடிச்ச யோசனைதானே?

மார்கழி தையில சந்தையில பச்சை மொச்சை வந்து குவியுமில்ல, ரெண்டு கிலோ வாங்கியாந்து நடுவீட்டுல கொட்டு. கொட்டிட்டு நீ பாட்டுக்குப் பேப்பரைப் பிரி. "வந்து உரி தாயி"ன்னு மட்டும் சொல்லிராதே, சொன்னா காரியம் கெட்டுச்சு. "இது பெரியவுக வேலை, உனக்கு வராது"ன்னு சொல்லு. பேப்பர்ல ஒரு பக்கம் திருப்புறதுக்குள்ள மக வந்து உக்காந்துருவா. உரிச்சதை ராத்திரி ஊறப்போட்டு, காலையில தோலைப் பிதுக்கச் சொல்லு. பருப்பு துள்ளிக்கிட்டு அடுப்படி மூலைக்கு ஓடும், பீரோவுக்கு அடியில ஓடும், ஒன்னு ரெண்டு சாமி படத்துலயும் போயி அடிக்கும். சாமி ஒன்னும் கோவிச்சுக்காது, உன் வீட்டுக்காரிதான் கோவிச்சுக்குவா. ரெண்டு நா எறும்பு வரும், வரட்டும். அன்னிக்குக் குழம்புல "இது நான் பிதுக்கினது, இதுவும் நான் பிதுக்கினது"ன்னு உன் மக எண்ணி எண்ணித் திங்கிறதைப் பாரு. கணக்குப் பாடமும் ஓடிரும், டியூசன் காசு மிச்சம்.

சின்னதுக்குச் சின்ன வேலை குடு. மூணு வயசு பூண்டு உரிக்கும், கீரை ஆயும். ஆயுறதுல பாதி கீழ போகும், அதைக் கோழிக்குப் போடு. முருங்கைக் கொப்பை ராத்திரி ஒரு துண்டுல சுருட்டி வச்சிட்டா காலையில இலை தானா உதிந்து கெடக்கும். துண்டை உதறுற வேலை மட்டும் புள்ளைக்கு. மகராசன் நீ அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துரலாம். அஞ்சாறு வயசு கேப்பை மாவைப் பெசையும். மூஞ்சியெல்லாம் மாவாத்தான் இருக்கும், துடைச்சுவிடு. எட்டு ஒம்பது வயசுப் புள்ளை, நீ பக்கத்துல நின்னா, தோசையே ஊத்தும். மொதத் தோசை பிஞ்சுதான் வரும். கல்யாணம் ஆன புதுசுல உன் பொண்டாட்டி சுட்டதை மூச்சுவிடாமத் தின்னியே, அதே மூஞ்சியோட இதையும் தின்னு. தாயி, நீ கோவிச்சுக்காதே, உன் புருசன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இன்னொன்னு. தட்டை வச்சுக்கிட்டு "இது ரத்தத்துக்கு நல்லது, அது கண்ணுக்கு நல்லது"ன்னு பிரசங்கத்தை ஆரம்பிக்காதே. நல்லதுன்னு சொன்ன ஒடனே புள்ளைக்கு வெளங்கிரும், இது மருந்துன்னு. வறுகடலையும் வெல்லமும் எங்க காலத்துல களவாண்டு தின்னது. நல்லதுன்னு எவனும் சொல்லலை, அதனாலதான் ருசி.

அமெரிக்காவுல பெர்க்லின்னு ஒரு ஊராம். ஆலிஸ் வாட்டர்ஸ்னு ஓட்டல் நடத்துற அம்மா ஒன்னு 1995ல அங்கிட்டுப் பள்ளிக்கூடத்து எடத்துல தோட்டம் போட்டு, புள்ளைகளையே விதைக்கவிட்டு, பறிக்கவிட்டு, சமைக்கவிட்டுச்சு. பேரன் செல்லுல காமிச்சான். ஊரு உலகமெல்லாம் வந்து வேடிக்கை பாத்துட்டுப் போகுதாம். ஜப்பான்காரன் அதுக்கு ஒரு படி மேல, புள்ளைகளுக்குச் சாப்பாட்டைப் பத்திச் சொல்லிக் குடுக்கணும்னு 2005ல சட்டமே போட்டுட்டான். எங்க ஆத்தாவும் இதையேதான் செஞ்சா, ஒரு பய போட்டா எடுக்க வரலை. "வேலை செய்யாத பயலுக்குக் கஞ்சி கெடையாது"ன்னு அவ பேசுன பாசைதான் கொஞ்சம் வேற.

அடுத்தது உன் மாடித் தோட்டம். போன மாசம் ஏறிப் பாத்தேன். பையி இருக்கு, தேங்காநார்க் கட்டி இருக்கு, பூவாளி இருக்கு, கையுறைகூட இருக்கு. செடிதான் இல்லை. அம்புட்டு வேணாம் மருமகனே. ஒரு பழைய சட்டியில மண்ணைப் போட்டு, முளைக்கீரை விதையைக் கொஞ்சம் மணலோட கலந்து புள்ளை கையால தூவவிடு. அரிசி கழுவுன தண்ணியை ஊத்து. மூணு நாலு வாரத்துல பறிச்சிரலாம், புள்ளைக்குப் பொறுமையும் அம்புட்டுத்தான் நிக்கும். மாங்கன்னை வச்சிட்டுக் "காத்திரு கண்ணு"ன்னு சொன்னா அவ கல்யாணத்துக்குத்தான் காய்க்கும். வேர் விட்டுருச்சான்னு தெனம் பிடுங்கிப் பாப்பா, பாக்கட்டும். மறுபடி தூவு. விதை என்ன பவுனா?

அவரைக் கொடியில அசுவினி விழுந்தா அடுப்புச் சாம்பலைத் தூவச் சொல்லு, புள்ளைக்கு அதைவிடக் கொண்டாட்டம் கெடையாது. உன் வீட்டுல கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கிட்டுப் போவே? இங்கிட்டு வா. சொந்தக்காரன்னு வெலையில கொஞ்சம் கொறைச்சுக்கிறேன்.

எடம் கொஞ்சம் இருந்தா முருங்கை வை. இதே தேனி மாவட்டத்துல, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில உருவாக்குனதுதான் பிகேஎம் 1 முருங்கை. விதை போட்டு ஆறு மாசத்துல காய்க்கும், ஆப்பிரிக்கா வரைக்கும் கொண்டுபோயி நட்டிருக்கான். நீயோ அதே இலையைக் காயவச்சு அரைச்சு டப்பாவுல அடைச்சவன்கிட்ட காசைக் குடுத்து, வெந்நியில கலக்கி மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறே. வேருல தண்ணி மட்டும் தேங்கவிடாதே. மழை காலத்துல தண்டுல கம்பளிப்பூச்சி அடையும், அப்ப புள்ளைய மரத்துக்கிட்ட விடாதே.

இனிமே சொல்றதுல கேலி கெடையாது, கேட்டுக்க. ஏலச்செடியில இலைப்பேனு, தண்டு துளைக்கிற புழுன்னு ஓயாம மருந்தடிக்கிறது மலைக்குப் போற எல்லாருக்கும் தெரியும். அந்த மருந்து வந்த கேனைக் கழுவியாச்சுன்னு சொல்லிக் கீரை போடுற ஆளுக இருக்காக, குடிதண்ணி பிடிச்சு வைக்கிற ஆளுகளும் இருக்காக. எத்தனை தரம் கழுவுனாலும் அது போகாது. ஓட்டை போட்டுத் தூரப் போடு. மருந்தடிச்ச தோட்டத்துல இருந்து வந்தா, புள்ளை ஓடி வருதேன்னு தூக்கிராதே. குளிச்சிட்டுத் தூக்கு. அந்தத் துணியைப் புள்ளை துணியோட ஊறப்போடாதே. நீ கடையில கணக்கு எழுதுறவன், உனக்கு வேணாமா இருக்கும். உன் தெருவுல நாலு பேருக்கு வேணும், போயிச் சொல்லு.

புள்ளைய ஒரு நா சந்தைக்குக் கூட்டிட்டுப் போ. இருவது ரூபாயைக் கையில குடுத்து, உனக்குப் பிடிச்ச காயி ஒன்னு வாங்குன்னு விடு. பேரம் பேசும், ஏமாறும், முத்துன வெண்டைக்காயை வாங்கியாரும். நீ வாயைத் தெறக்காம அதையே பொரிச்சு வையி. நாரை மென்னு துப்புனப்பறம் அடுத்த வாரம் நுனியை ஒடிச்சுப் பாத்துத்தான் வாங்குவா. உனக்கே இன்னும் ஒடிச்சுப் பாக்கத் தெரியாதுன்னு உங்க அத்தை சொல்றா.

ஆடி பொறக்கப் போகுது. எங்க வேலியில நல்ல முருங்கைக் கம்பாப் பாத்து ஒன்னு வெட்டி வைக்கிறேன், அவரை விதையும் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிறேன். ஞாயித்துக்கெழமை மகளை அனுப்பு. கம்பைத் தூக்க ஆளு வேணும்னு அவ கூப்பிட்டா மட்டும் நீயும் கூட வா.