இயற்கை அன்னையின் எச்.ஆர். டிபார்ட்மென்ட்

1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரில் முதல் வணிகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் திறந்தது. சந்தாதாரர்கள் 21 பேர். இணைப்புப் பலகையைச் செய்த ஜார்ஜ் காய் என்பவரின் கையில் காசு அதிகம் புரளவில்லை. வண்டி போல்ட்டு, டீப்பாட் மூடியின் கைப்பிடி, சீமாட்டிகள் பாவாடையின் பின்புறம் எடுப்பாகத் தெரிய உள்ளே வைத்துக்கொள்ளும் கம்பி, எல்லாவற்றையும் சேர்த்துக்கட்டி ஒப்பேற்றினார். பெண்களின் பாவாடைக் கம்பி முதல் நாளே தொலைபேசித் துறைக்குள் போய்விட்டது. பெண்கள் போக இன்னும் ஏழு மாதம் ஆனது.

அதுவரை இணைப்புப் பலகை முன்னாலிருந்த நாற்காலியில் பையன்கள் உட்கார்ந்தார்கள். தந்தி ஆபீசில் ஓடியாடித் திரிந்த பொடியன்கள். சம்பளம் கொஞ்சம், கால் வேகம். தந்தி விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு: காகிதத்தைப் பார்த்து எத்தனை கெட்ட வார்த்தை சொன்னாலும் காகிதம் புகார் கொடுக்காது. தொலைபேசியின் மறுமுனையிலோ வங்கி முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் அவரை வைதார்கள், நடுவில் இணைப்பைப் பிடுங்கினார்கள், பலகைக்குப் பின்னால் மல்யுத்தம் போட்டார்கள், சிலர் பீரும் குடித்தார்கள். கூட்டிவைத்து ஒழுக்கமாகப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அதற்குச் செலவாகும்.

செலவில்லாத வழி 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் கிடைத்தது. தந்தி ஆபீசிலிருந்து எம்மா நட் என்ற பெண்ணை அழைத்துவந்தார்கள். சில மணி நேரத்தில் அவருடைய சகோதரி ஸ்டெல்லாவும் வந்து உட்கார்ந்தார். வாரம் 54 மணி நேர வேலை, மாதம் 10 டாலர். வாடிக்கையாளர்கள் சொக்கிப்போனார்கள். எம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தார்.

இந்த இடத்தில்தான் தொலைபேசிக் கம்பெனி தன் ஆஸ்தான ஜோசியராக இயற்கை அன்னையை நியமித்துக்கொண்டது. பெண்ணின் குரல் இயற்கையிலேயே இனிமை, விரல் இயற்கையிலேயே மென்மை, பொறுமையோ பிறவிக்குணம் என்று வரிசையாக அருள்வாக்கு வந்தது. ஏழு மாதம் முன்பு பையன்களைச் சேர்த்தபோது இந்த அன்னை எங்கே போயிருந்தாள்? லீவில் இருந்திருக்கலாம்.

வேலைக்கு விதிகளும் வந்தன. வயது 17 முதல் 26க்குள். பலகையின் உச்சித் துளைவரை எட்டும் அளவுக்குக் கை நீளம். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஆகிவிட்டால் சீட்டு கிழியும். புருஷனிடம் பேசிப் பேசிப் பிறவிக்குணப் பொறுமை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ.

கறுப்பினப் பெண்களுக்கும் யூதப் பெண்களுக்கும் கதவே திறக்கவில்லை. எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வர மறுக்கிறது, ஆனாலும் வேடிக்கையைப் பாருங்கள். வாடிக்கையாளர் ஆபரேட்டரின் முகத்தையே பார்க்காத வேலை அது. செம்புக் கம்பியில் நிறம் ஏறாது. உலகத்திலேயே நிறவெறிக்கு முகாந்திரமே இல்லாத ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டு, அதிலும் அந்த வெறியைக் கொண்டுபோய் உட்காரவைத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இதற்கிடையே கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற ஈமச்சடங்கு வியாபாரி கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். போட்டிக் கடைக்காரரின் மனைவிதான் உள்ளூர் ஆபரேட்டராம். யாராவது செத்து, வீட்டார் ஸ்ட்ரௌஜரைக் கேட்டால், அந்த அம்மாள் தன் வீட்டுக்காரருக்கே இணைப்புக் கொடுக்கிறார் என்பது இவருடைய சந்தேகம். கதை எவ்வளவு உண்மையோ, கோபம் நிஜம். சட்டைக் காலர் வைக்கும் வட்டப் பெட்டி ஒன்றில் குண்டூசிகளைக் குத்திக் குத்திப் பார்த்து, மனுஷியே வேண்டாத எக்ஸ்சேஞ்சுக்கு வழி கண்டார். 1891இல் காப்புரிமை, 1892இல் இந்தியானாவின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். பெண்ணும் இல்லை, வசவும் இல்லை என்று விளம்பரம் வேறு. வைதது பையன்கள், பழி பெண்களுக்கு. நம்மூர்த் தொலைபேசித் துறையின் பழைய ஆட்கள் ‘ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச்’ என்று வாய் நிறையச் சொல்வார்களே, அது இந்த மனிதரின் பெயர்தான்.

ஆபரேட்டர்களின் பெரிய முதலாளியான பெல் கம்பெனி பல வருஷம் அந்த இயந்திரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஆபரேட்டர்கள், ஜூலியா ஓ’கானர் தலைமையில், கூலி உயர்வு கேட்டு ஆயிரக்கணக்கில் வெளியே வந்து நின்றார்கள். ஆறு நாளில் ஜெயித்தார்கள். பிறவிக்குணப் பொறுமை என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. அதே ஆண்டு வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் பெல் தன் முதல் பெரிய தானியங்கி எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. திட்டம் முன்பே பேச்சில் இருந்ததுதான். ஆனாலும் அந்த ஆண்டு அதை நிறுத்திவைக்கச் சொல்லி யாரும் மன்றாடியிருக்க மாட்டார்கள்.

இனிமேல்தான் கதையில் உப்பு ஏறுகிறது. வாடிக்கையாளரே எண்ணைச் சுழற்றும் டயல் வந்தால் ஆபரேட்டர் குறைவார், சரி. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? அந்தப் புது வேலைக்கு ‘ஸ்விட்ச்மேன்’ என்று பெயர். சம்பளம் அதிகம். இயற்கை அன்னையை மறுபடி கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆண்களுக்கானது என்று சொல்லிவிட்டாள்.

ஜார்ஜியா மாநிலத்தில் லொரீனா வீக்ஸ் என்ற பெண், சதர்ன் பெல் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்து குமாஸ்தா ஆனவர், 19 வருஷ சர்வீஸ். 1966இல் ஸ்விட்ச்மேன் வேலைக்கு மனுப் போட்டார். பெண்கள் 30 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மாநில விதி இருக்கிறது, உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறோம் என்றது கம்பெனி. பதினாலு கிலோகூடத் தேறாத எடை. மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கிற ஜாதியிடம் போய் இதைச் சொன்னார்கள்.

லொரீனாவின் மேஜையில் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. தினமும் காலையில் அவரே எடுத்து மேஜைமேல் வைத்து வேலையைத் தொடங்க வேண்டும். அதன் எடை 34 பவுண்டு. அம்மணி யோசித்தார். விதி என்றால் விதி. டைப்ரைட்டரைத் தொட மறுத்து, அறிக்கைகளைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பெண்ணின் இடுப்பைக் காப்பாற்ற அவ்வளவு துடித்த கம்பெனி, அவரை சஸ்பெண்ட் செய்தது.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. லொரீனாவுக்காக வாதாடியவர் சில்வியா ராபர்ட்ஸ், ஐந்தடிக்கே எக்கி நிற்க வேண்டிய உருவம். ஸ்விட்ச்மேன் வேலைக்கான தளவாடத்தை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து, ஒற்றைக் கையில் தூக்கியபடி நீதிபதிகள் முன்னால் உலாத்திக்கொண்டே வாதாடினார். நள்ளிரவில் அவசரம் என்று அழைப்போமே, பெண் தனியாக எப்படி வருவாள் என்றும் எதிர்த்தரப்பு கேட்டுப் பார்த்தது. 1969இல் தீர்ப்பு வந்தது. இந்தப் பாசமெல்லாம் விக்டோரியா ராணி காலத்துச் சமாச்சாரம், வேலை கஷ்டமா இல்லையா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்துகொள்வாள் என்ற தோரணையில் கம்பெனியின் தலையில் குட்டினார்கள். அதற்குப் பிறகும் இழுத்தடித்து, 1971இல்தான் வேலையும் 31,000 டாலர் சம்பளப் பாக்கியும் கையில் கொடுத்தார்கள்.

குட்டு அத்தோடு நிற்கவில்லை. பெல் குடும்பத்தின் தாய்க்கழகமான ஏடி அண்ட் டி அப்போது அமெரிக்காவிலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுத்த தனியார் நிறுவனம். சம வேலைவாய்ப்பு ஆணையம் அதன் பழைய கணக்குகளைக் கிளறியது. 1973 ஜனவரியில், பெண்களும் சிறுபான்மையினருமாகச் சுமார் 15,000 பேருக்கு ஒன்றரைக் கோடி டாலர் பாக்கி கொடுக்கவும், பல்லாயிரம் பேரின் சம்பளத்தை உயர்த்தவும் கம்பெனி கையெழுத்துப் போட்டது. இன்னொரு ஷரத்தும் இருந்தது: ஆபரேட்டர் நாற்காலியில் ஆண்களையும் எடுக்க வேண்டும். குரலாவது விரலாவது, அன்னை மூச்சு விடவில்லை.

கறுப்பினப் பெண்களை வெகுகாலம் வெளியே நிறுத்தியிருந்த கம்பெனி, அறுபதுகளின் பிற்பகுதியில் பெருநகர எக்ஸ்சேஞ்சுகளில் அவர்களைத் தாராளமாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் அந்தச் சம்பளத்துக்கு வர மறுத்துக்கொண்டிருந்தார்கள். தொலைதூர அழைப்புக்கும் டயல் வந்து, அந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரை எப்போது உள்ளே விடுவது என்று இந்த முறை இயற்கை அன்னையிடம் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளையைக் கேட்டாலே போதுமாயிருந்தது.